500 வருஷம் தாங்கின தெலுங்கு, 20 வருஷம் தாங்காத தமிழ்

போன எபிசோட்ல எச்-1பி விசா பத்திப் பேசினோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்கள்ல பாதிக்கு மேல விசாவைப் பத்தியே இல்லை. "ப்ரோ, அங்க செட்டில் ஆயிட்டா பிள்ளைங்க தமிழ் பேசுமா?" இதைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கீங்க. கல்யாணமே ஆகாதவங்களும் கேட்டிருக்காங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம். [சிரிப்பு]

இதுக்கு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்ற பதிலை முதல்ல சொல்லிடறேன். பேசாது. நீங்க என்ன பண்ணினாலும் பேசாதுன்னு அவங்க சொல்லலை. பொதுவா பார்த்தா, அமெரிக்காவுக்குக் குடிபோன எந்த மொழியும் மூணு தலைமுறையைத் தாண்டறது அபூர்வம்னு சொல்றாங்க. ஜோஷுவா ஃபிஷ்மேன்னு ஒரு மொழியியல் அறிஞர் 1960-கள்லயே இதை எழுதினார். போன தலைமுறை தாய்மொழியோட வருது, பிள்ளைங்க ரெண்டும் பேசுது, பேரப்பிள்ளைங்க ஆங்கிலம் மட்டும். 2006-ல ரூபன் ரூம்பாவ், டக்ளஸ் மாஸி, ஃபிராங்க் பீன் மூணு பேரும் சேர்ந்து தெற்கு கலிபோர்னியாவை வச்சு ஒரு கணக்குப் போட்டாங்க. மனுஷனுக்கு ஆயுள் கணக்குப் போடற மாதிரி மொழிக்கு ஆயுள் கணக்கு. பக்கத்துலயே மெக்சிகோ இருந்தும் ஸ்பானிஷுக்கு மூணு தலைமுறையை ஒட்டித்தான் ஆயுள். ஆசிய மொழிகளுக்கு ரெண்டு தலைமுறையை எட்டறதே கஷ்டம்.

சரி, அதோட எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா எனக்கு இந்தக் கணக்கு மேல ஒரு சந்தேகம் இருக்கு. ஏன்னா நான் வளர்ந்த ஊர்ல, குடிபோன ஒரு மொழி 500 வருஷமா உயிரோட இருக்கு. என் வீட்டுக்குள்ளயே இருக்கு.

நான் ஆலங்குளத்துக்காரன். தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லை, அதைச் சொல்லிடறேன், ஸ்விக்கிக்காரர்ல இருந்து எச்ஆர் வரைக்கும் குழப்பம். நம்மளது விருதுநகர் மாவட்டம். அரசு சிமெண்ட் ஆலை இருக்கற ஊர். கிழக்கே போனா சிவகாசி, மேற்கே போனா ராஜபாளையம். காலையில பட்டாசு ஆலை வேன் வந்து ஆள் ஏத்திட்டுப் போகும். கரிசல் காடு, வெயில், கருவேல மரம். வேற அறிமுகம் தேவையில்லை.

எங்க வீட்ல பேசறது தெலுங்கு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேசினதும் தெலுங்கு. அவங்கள்ல ஒருத்தர்கூட ஆந்திரா பக்கம் போனதில்லை. எங்க வீட்ல யாருக்கும் தெலுங்கு எழுத்துல ஒண்ணுகூடத் தெரியாது. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் கல்வெட்டு, எல்லாம் தமிழ். அப்பாவை 'நைனா'ன்னு கூப்பிடுவோம், பாட்டி 'அவ்வா', அக்கா வீட்டுக்காரர் 'பாவா'. வாசல் தாண்டினா தமிழ். டீக்கடையில எங்க நைனா ஒரே மூச்சுல ரெண்டு மொழி பேசுவார். பக்கத்துல இருக்கற சொந்தக்காரர்கிட்ட தெலுங்கு, டீ ஆத்தறவர்கிட்ட தமிழ். இடையில ஒரு மில்லிசெகண்ட்கூட லோடிங் கிடையாது.

சென்னையில இதைச் சொன்னா நம்பமாட்டாங்க. "அப்ப நீ தெலுங்கா?" நான் சொல்ற பதில்: நான் தமிழ்லதான் யோசிக்கறேன், தமிழ்லதான் இந்த பாட்காஸ்ட் பண்றேன், கால்ல இடிச்சுக்கிட்டா மட்டும் வாயில தெலுங்கு வருது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. விஜயநகரப் பேரரசு தெற்கே இறங்கினப்போ, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும், படையோடயும் மாட்டோடயும் ஏரோடயும் அலை அலையா சனங்க வந்தாங்க. 1529-ல விசுவநாத நாயக்கர் மதுரையில ஆட்சிக்கு வர்றார். பாளையங்களாப் பிரிக்கறாங்க. நாயக்கர், ரெட்டியார், ராஜபாளையத்து ராஜுக்கள், அருந்ததியர்னு ஒருத்தருக்கொருத்தர் எந்த வகையிலும் சமமா இல்லாத பல சமூகங்கள். பொதுவா இருந்தது வீட்ல பேசற தெலுங்கு மட்டும். 1799-ல கயத்தாறுல தூக்குல போட்டாங்களே வீரபாண்டிய கட்டபொம்மன், அவர் குடும்பமும் தெலுங்கு பேசின குடும்பம்தான். 1959-ல வந்த சிவாஜி படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கட்டபொம்மன் அந்தத் தமிழைத் தவிர வேற எதையாவது பேசியிருப்பார்னு நினைக்கவே முடியலை. படம் அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு.

அப்புறம் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல். கரிசல் தமிழுக்குன்னு தனியா அகராதியே தொகுத்த மனுஷன். வீட்டு மொழி தெலுங்கு. 1976-ல வந்த 'கோபல்ல கிராமம்' படிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணைக் காப்பாத்தறதுக்காக வடக்கே இருந்து தப்பிச்சு ஓடி வர்ற குடும்பங்க, முள்ளுக் காட்டைத் திருத்தி ஊர் ஆக்கற கதை. அசல் குடியேறிகள் நாவல். அமெரிக்காவுல இப்படி ஒண்ணு எழுதியிருந்தா 'இமிக்ரன்ட் ஃபிக்ஷன்'னு தனி அலமாரியில வச்சிருப்பாங்க. நாம அதை மண்ணின் இலக்கியம்னு சொல்றோம். ரெண்டுமே சரிதான். அதோட தொடர்ச்சி 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல சாகித்ய அகாடமி விருது வாங்குச்சு, தமிழுக்கான விருது. அவரை வாசகர்கள் எல்லாம் 'நைனா'ன்னு கூப்பிட்டாங்க. 2021-ல அவர் இறந்தப்போ என் டைம்லைன் முழுக்க 'நைனா போயிட்டார்'னு இருந்துச்சு. எழுதினவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெலுங்குச் சொல்னு தெரியும்னு தெரியலை. தெரியலைன்னாலும் என்ன.

இப்ப கேள்விக்கு வருவோம். எழுத்து இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. டிவி இல்லை, பத்திரிகை இல்லை. அரசாங்கத்துல மரியாதை இல்லை, வேலைக்குப் பிரயோஜனம் இல்லை. இருந்தும் எப்படி 500 வருஷம்? அமெரிக்காவுல தமிழுக்கு இது எல்லாமே இருக்கு. 1998-ல கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் ஆரம்பிச்சதுல இருந்து, ஊருக்கு ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளி. பாடப்புத்தகம், தேர்வு, சான்றிதழ். பல மாவட்டங்கள்ல உயர்நிலைப் பள்ளியில மொழிப் பாடத்துக்கான கிரெடிட்டும் கிடைக்குது. வடஅமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை வருஷா வருஷம் விழா நடத்துது. ஹார்வர்டுல தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினாங்க, தமிழ்நாடு அரசே 10 கோடி ரூபாய் கொடுத்துச்சு. இவ்வளவு இருந்தும், வீட்ல அம்மா தமிழ்ல கேட்டா பையன் இங்கிலீஷ்ல பதில் சொல்றான். எங்க ஊர்ல எதுவுமே இல்லாம ஓடுது. எப்படி?

நான் கொஞ்ச நாளா யோசிச்சு வச்சிருக்கற பதில் கேக்க நல்லா இருக்காது. கல்யாணம்.

எங்க வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாருமே தெலுங்கு பேசற வீட்ல இருந்து வந்தவங்க. அத்தை மகள், மாமன் மகள். எங்க அவ்வா, எங்க அம்மா, ரெண்டு பேரும் பிறந்த ஊர் ஒண்ணுக்கொண்ணு பஸ்ல அரை மணி நேரம். அடுப்படியில நுழையற ஒவ்வொரு பொண்ணும் அதே மொழியோட நுழையறா. குழந்தை முதல்ல கேக்கற மொழி அது. தமிழ் தெருவுல தானா வந்துடும். இப்படி ஒரு தலைமுறை மாறாம 20 தலைமுறை ஓடினா, மொழி ஓடும். புத்தகமே வேண்டாம்.

அதாவது அதைக் காப்பாத்தினது மொழிப்பற்று இல்லை. சாதி. வேற சாதியில பொண்ணு எடுக்கமாட்டோம், கொடுக்கமாட்டோம்னு போட்ட வேலிக்குள்ள மொழி பத்திரமா இருந்துச்சு. அருந்ததியர் வீடுகள்ல தெலுங்கு நின்னதுக்கு இதைவிட மோசமான காரணம். அவங்க அந்த வேலியைப் போட்டுக்கலை. ஊர்தான் அவங்களைத் தனியா ஒதுக்கி வச்சது, தண்ணி எடுக்கற இடம் வரைக்கும் தனி. கலக்க விடாத சனங்க மொழி கலக்காம இருந்ததை, 'பாருங்க எப்படிப் பாரம்பரியத்தைக் காப்பாத்தியிருக்காங்க'ன்னு சொன்னா அது அசிங்கம்.

இதே விஷயத்தை அமெரிக்காவுலயே பார்க்கலாம். ஆமிஷ் மக்கள். 18-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல இருந்து போனவங்க. குதிரை வண்டி, தாடி, தொப்பி, யூடியூப்ல பார்த்திருப்பீங்க. இன்னைக்கும் வீட்ல பென்சில்வேனியா டச்சுதான், அது ஜெர்மனோட ஒரு வட்டார வழக்கு. மூணு தலைமுறை விதி அவங்ககிட்ட செல்லாது. காரணம்? வெளியில கல்யாணம் கிடையாது. எட்டாம் வகுப்போட படிப்பு முடிஞ்சுது, அதுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1972-ல ஜெயிச்சாங்க. இன்னைக்கு மூன்றரை லட்சம் பேருக்கு மேல இருக்காங்க, அந்த மொழி வளருது.

அவங்களோடயே அதே காலத்துல போன மத்த ஜெர்மன்காரங்க? அவங்க பிள்ளைங்க காலேஜ் போனாங்க, ஐரிஷ் பொண்ணைக் கட்டினாங்க, மொழி கரைஞ்சுது. கரையாததை முதல் உலகப் போர் முடிச்சு வச்சது. 1918-ல அயோவா கவர்னர் ஒரு உத்தரவு போட்டார். பொது இடத்துல, ரயில்ல, போன்ல, எங்கயும் ஆங்கிலம் தவிர வேற மொழி கூடாது. யோசிச்சுப் பாருங்க, போன்ல கூட. நெப்ராஸ்காவுல 10 வயசுப் பையனுக்கு ஜெர்மன்ல பைபிள் கதை சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு 25 டாலர் அபராதம். ராபர்ட் மேயர்னு பேரு. அவர் விடலை, 1923-ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. சட்டத்துல ஜெயிச்சார். ஆனா 1915-ல அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் ஜெர்மன் படிச்சாங்க, 1922-ல நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. தீர்ப்பு வர்றதுக்குள்ள ஆள் போயாச்சு.

2025 மார்ச் 1-ஆம் தேதி அதிபர் டிரம்ப், ஆங்கிலத்தை ஆட்சி மொழின்னு அறிவிச்சு ஒரு ஆணை போட்டார். அதுக்கு முன்னாடி அமெரிக்காவுக்கு தேசிய அளவுல ஆட்சி மொழியே கிடையாது. என்னைக் கேட்டா அந்த ஆணையால ஒரு தமிழ்க் குழந்தைகூட தமிழை மறக்காது. மறக்கற வேலையை டே கேரே கச்சிதமா முடிச்சுடுது.

இப்ப எங்க அக்கா கதைக்கு வர்றேன். அவ அனுமதி கொடுத்திருக்கா, ஆனா பேர் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன்.

அக்காவும் பாவாவும் டெக்சாஸ்ல, ஃபிரிஸ்கோவுல இருக்காங்க. டல்லாஸுக்குப் பக்கம். அங்க தெலுங்குக்காரங்க எவ்வளவு பேர்னு ஐடியில இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொண்ணுக்கு ஆறு வயசு. வீட்ல இவங்க ரெண்டு பேரும் பேசறது எங்க ஊர்த் தெலுங்கு, நடுவுல தமிழ், மேல இங்கிலீஷ். பொண்ணு பதில் சொல்றது இங்கிலீஷ் மட்டும்.

போன வருஷம் ஏதாவது ஒரு வகுப்புல சேர்க்கணும்னு முடிவு பண்ணினாங்க. எந்த மொழி?

முதல்ல தெலுங்கு வகுப்பு. சிலிக்கான் ஆந்திராவோட 'மனபடி' மாதிரி பெரிய ஏற்பாடுகள் இருக்கு. வீட்டு மொழி தெலுங்குதானே. ஆனா அங்க சொல்லித் தர்ற தெலுங்கை அக்காவுக்கே முழுசாப் புரியலை. எழுத்தைப் பார்த்தா அவளுக்கு ஜிலேபி. ஹோம்வொர்க் சொல்லித் தர முடியாது. நாங்க சோத்துக்கு 'புவ்வா'ன்னு சொல்லுவோம், 80 வயசு ஆளும் அதைத்தான் சொல்வார். ஆந்திராவுல அது குழந்தைக்கு ஊட்டும்போது சொல்ற சொல். அக்கா அதைச் சொன்னதும் பக்கத்து வீட்டம்மா சிரிச்சுட்டாங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு இல்லை, பிரியமாத்தான் சிரிச்சாங்க. "மீதி ஏ ஜில்லா?"ன்னு கேட்டாங்க, எந்த மாவட்டம்னு. விருதுநகர். பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் இங்கிலீஷுக்கு மாறிட்டாங்க. தெலுங்கு பேசற ரெண்டு பேர், தெலுங்கு நிரம்பின ஊர்ல.

ரெண்டாவது தமிழ் வகுப்பு. அக்கா பாவா ரெண்டு பேரும் தமிழ் மீடியத்துல படிச்சவங்க. புத்தகம், பாட்டு, படம், ஜோக் எல்லாம் தமிழ்ல இருக்கு. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச தாய்மொழி தமிழ்தான். ஊருக்கு வந்தா குழந்தை தெருவுல பேச முடியும். மூணாவது, எங்க ஊர்த் தெலுங்கு. அதுக்கு வகுப்பே உலகத்துல எங்கயும் கிடையாது. இருக்கறது ரெண்டு டீச்சர், அக்காவும் பாவாவும்.

தமிழ்ல சேர்த்தாங்க. என் மனசுக்கும் அதுதான் சரின்னு பட்டது. ஆனா கணக்கு என்னன்னு பாருங்க. 500 வருஷம் கரிசல் வெயில்ல தாங்கின ஒரு மொழி, எங்க குடும்பத்துல அந்தக் கிளையில, ஒரு சனிக்கிழமை காலையில, அட்மிஷன் ஃபார்ம்ல டிக் அடிச்சதோட முடிஞ்சுது. யாரும் அழலை. யாரும் தடை போடலை. யார் மேலயும் தப்பு இல்லை.

நைனாவுக்கு வருத்தம் இருந்துச்சு, வெளிய காட்டிக்கலை. "தமிழாவது வரட்டும்"னு மட்டும் சொன்னார். அவ்வாகிட்ட நானே கேட்டேன், உங்க கொள்ளுப்பேத்தி தெலுங்கு பேசாதே, பரவாயில்லையான்னு. "எந்த பாஷையா இருந்தா என்னடா, எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் பேசச் சொல்லு"ன்னாங்க. [சிரிப்பு] காது மந்தம் அவங்களுக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். அவ்வா தமிழ் நல்லாவே பேசுவாங்க, சந்தையில பேரம் பேசற அளவுக்கு. தமிழ்ல அவங்களுக்குக் கொஞ்ச வராது. திட்டவும் வராது. வீடியோ கால்ல கொள்ளுப்பேத்தியோட தமிழ்ல பேசும்போது, பேங்க் மேனேஜர்கிட்டப் பேசற மாதிரி மரியாதையா இருக்கும். "நல்லாப் படிக்கறியாம்மா? சாப்பிட்டியாம்மா?" அவ்வளவுதான். என்கிட்ட பேசற அவ்வா வேற ஆள். அந்த ஆளை அந்தக் குழந்தை பார்க்கப் போறதில்லை.

அந்தக் குழந்தைகிட்ட இப்ப மிச்சம் இருக்கறது உறவுப் பேர்கள். அவ்வா, பாவா, நைனா. உறவுப் பேர்தான் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும் போல. 2020-ல கமலா ஹாரிஸ் கட்சி மாநாட்டுல ஆங்கிலத்துல பேசிட்டே நடுவுல 'சித்தி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே, நம்ம வாட்ஸ்அப் எல்லாம் வெடிச்சுதே. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துல இருந்து ரெண்டு தலைமுறையில அந்த மேடைக்கு வந்து சேர்ந்த தமிழ் அந்த ஒரு சொல்.

வாய்ஸ் நோட்ல ஒரு தம்பி மொரிஷியஸ் பத்திக் கேட்டிருந்தார். அங்க ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. 1998-ல புது நோட்டுல தமிழ் வரிசை மாறி இந்திக்குக் கீழ போயிடுச்சுன்னு பெரிய போராட்டமே நடந்து, நோட்டையே திரும்ப வாங்கினாங்க. போராடினவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்ல பேசறது கிரியோல். மொழி போயாச்சு, மொழி மேல இருக்கற உரிமை போகலை. மலேசியா நேர் எதிர். அரசாங்க அமைப்புக்குள்ளயே 500-க்கும் மேல தமிழ்ப் பள்ளிகள். தோட்டத் தொழிலாளி பிள்ளைங்க வாரத்துல அஞ்சு நாள், காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கணக்கும் அறிவியலும் தமிழ்ல படிச்ச ஊர். அங்க தமிழ் நிக்குது. வார இறுதில ரெண்டு மணி நேரத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ஆக, நான் பார்த்த வரைக்கும் மொழி நிக்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு வேலி, இன்னொண்ணு முழு நேரப் பள்ளிக்கூடம். அமெரிக்காவுல ரெண்டாவது நமக்குக் கிடைக்காது. முதலாவதை அங்க கொண்டு போறவங்களும் இருக்காங்க. நம்ம சாதியிலேயே மாப்பிள்ளை பார்க்கறதுக்குன்னே வருஷா வருஷம் கூடறாங்க, அதுக்குப் பேரு 'கல்சர்'. என் அக்கா பொண்ணு யாரைக் கட்டணும்னு அந்த வேலி முடிவு பண்றதா இருந்தா, அந்த விலைக்கு எனக்குத் தெலுங்கும் வேண்டாம், தமிழும் வேண்டாம். இதைச் சொன்னா சொந்தத்துல சில பேர் இந்த எபிசோடோட அன்சப்ஸ்கிரைப் பண்ணுவாங்க. பரவாயில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். 500 வருஷம் ஆன பிறகும் இங்க சோஷியல் மீடியாவுல எங்களை 'வந்தேறி'ன்னு எழுதறவங்க இருக்காங்க. தமிழ்ல கனவு காணறவனை. அதே ஆட்கள்ல சில பேர் ஃபோட்டோவுக்குப் பின்னாடி சியாட்டில் தெரியுது. அங்க கடையில யாராவது அவங்களைப் பார்த்து 'உன் நாட்டுக்குப் போ'ன்னு சொன்னா என்ன பதில் சொல்வாங்களோ, அதையே எங்களுக்கும் வச்சுக்கலாம்.

அக்கா இப்ப ஒரு வேலை செய்யறா. தினமும் ராத்திரி பொண்ணைத் தூங்க வைக்கற அரை மணி நேரம் மட்டும் எங்க ஊர்த் தெலுங்கு. வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை, திருத்தறதும் இல்லை. அவ்வா சொன்ன கதைகள், அவ்வாவோட வசவுகள் உட்பட. போன மாசம் பொண்ணு பொம்மையை அதே வசவுல திட்டியிருக்கா. அக்கா எனக்கு ரெக்கார்டிங் அனுப்பினா. அதை இங்க போட முடியாது, அவ்வளவு சுத்தமான வசவு. அவ்வாவுக்கு ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினோம். "இதை யாரு இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டுட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாங்க.

உங்க வீட்ல ரெண்டு மொழி இருந்தா எழுதுங்க. சௌராஷ்டிரா, கன்னடம், உருது, படுகு, எதுவா இருந்தாலும். எந்த மொழியில திட்டு வாங்கினீங்கன்னு மறக்காமச் சொல்லுங்க. மதுரையில இருந்து ஒரு சௌராஷ்டிரா வீட்டு நண்பர் அடுத்த எபிசோடுக்கு வர ஒத்துக்கிட்டிருக்கார். அவங்ககிட்ட சொந்த எழுத்தே இருக்கு, ஆனா வாசிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. அதைப் பத்தி அவர்கிட்டயே கேப்போம்.